பொலிஸ் சுவரைக் கீறியவள்

எங்கள் பக்கத்தில் படத்தை யாரும் வரைவதில்லை. கீறுவோம். பிள்ளைகள் கொப்பியில் பூனை கீறுவார்கள். மேசன்மார் மண்ணில் வீட்டைக் கீறிக் காட்டிவிட்டுத்தான் அத்திவாரம் வெட்டுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ‘கீறுற ரீச்சர்’. வரைதல் என்ற சொல் பாடப்புத்தகத்தில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று நாங்கள் விட்டிருந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லால்தான் நான் சில நாட்களுக்கு அரசாங்கத்துக்கு ஆபத்தான ஆளாக இருந்தேன்.

அறுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. மயிலிட்டியிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம் போனால் வரும் ஒரு கரையோரப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தேன். எனக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது, கரும்பலகை. வர்ணச் சோக்கட்டி கொண்டு ஒரு பாட நேரம் முழுவதும் நின்று துறைமுகம் ஒன்றைக் கீறியிருப்பேன், வள்ளம், வலை, காகம் எல்லாம் இருக்கும். மணி அடித்ததும் கணக்கு ரீச்சர் ஈரத் துணியோடு உள்ளே வருவார். இடமிருந்து வலமாக, ஒரு மூலையும் விடாமல் துடைத்துவிட்டுப் பின்னம் எழுதத் தொடங்குவார். அவரில் பிழை இல்லை, அவருக்கும் பலகை வேண்டுமே. ஆனால் ஆறு வருடமாக நான் கீறியது எதுவும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. அழியாத படம் ஒன்று, ஒன்றே ஒன்று கீறிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை. கல்யாண ஆசையை எனக்கும் சேர்த்து அம்மாவே வைத்திருந்தார்.

ஒருநாள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓடும் சட்டங்களைச் சொல்லிக் கொடுக்க ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். கொடிகாமத்துக்காரர், தோட்டக்காரக் குடும்பம், தொந்தியும் சிரிப்புமான மனிதர். வகுப்பு வாசலில் நின்று நான் கீறியிருந்த துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணக்கு ரீச்சர் வந்து வேலையை முடித்துவிட்டார்.

“உந்தப் படத்தை ஏன் ரீச்சர் அவ அழிச்சவ?” என்று சார்ஜன்ட் என்னிடம் கேட்டார்.

“உது எப்பவும் அழியிறதுதான்” என்றேன்.

அடுத்த கிழமை அவர் திரும்ப வந்தார். நேரே தலைமை ஆசிரியையின் கந்தோருக்குப் போகாமல் என் வகுப்புக்கே வந்து, “ரீச்சர், ஐயா உங்களை ஒருக்கா ஸ்ரேசனுக்கு வரட்டாம்” என்றார். அவர் மெல்லக் கதைக்கத் தெரியாதவர். பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது. தலைமை ஆசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது பள்ளிக்கூடத்தில் பாதி மதிலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் பொலிஸ் ஸ்ரேசன் அதுவரை ஒழுகும் ஓட்டுக் கட்டடமாகத்தான் இருந்தது. ஒரு வருடமாகத் திருத்த வேலை நடந்து, கூரை புதிதாகி, முன்னால் அகலமான விறாந்தை ஒன்றும் கட்டியிருந்தார்கள். விறாந்தையின் நீளத்துக்கு ஒரு சுவர். கதவில்லை, யன்னல் இல்லை. புதுச் சாந்து காய்ந்து, வெள்ளை அடித்து, றோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. இவ்வளவு பெரிய வெறுமையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இன்ஸ்பெக்டர் தெற்கே கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த சிங்களவர். மலைநாட்டில் வேலை பார்த்தபோது தமிழ் பேசப் பிடித்துக்கொண்டவர், எழுத்து மட்டும் தெரியாது. அவர் சுவரைக் காட்டினார்.

“மக்கள் கேட் வரைக்கும் வாறாங்க டீச்சர். நிக்கிறாங்க. திரும்பிப் போயிடுறாங்க. உள்ளே வந்தா என்னமோ நாங்க பிடிச்சு வச்சிக்குவோம்னு பயம். இங்கே பார்க்கிறதுக்கு ஏதாவது இருந்தா வருவாங்க. இல்லையா?”

“நான் கீறுறன்” என்றேன். அவர் கேட்டு முடிக்கவும் விடவில்லை.

அவர் கொஞ்சம் பின்வாங்கி என் கையைப் பார்த்தார். பிறகு சார்ஜன்டைப் பார்த்தார். சார்ஜன்ட் காற்றில் விரலால் ஒரு மீனைக் கீறிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துச் சிங்கள எழுத்தில் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார். அதன் பிறகு அவர் வாயில் அந்தச் சொல் அடிக்கடி வந்தது. புதுச் சொல் கிடைத்த புளுகம், அப்படி ஒரு சந்தோஷம்.

அரசாங்கச் சுவர் என்பதால் கொழும்பில் கட்டடங்களுக்குப் பொறுப்பான ஒரு கந்தோருக்கு எழுதி அனுமதி எடுக்க வேண்டும் என்றார். “நீங்களே எழுதுங்க. யார், என்ன செய்வீங்க, எல்லாம். தமிழ்லேயே எழுதுங்க, அங்கே மொழிபெயர்க்க ஆள் இருக்கு. பதில் மெதுவா வரும். நீங்க தொடங்குங்க.” நான் அங்கேயே மரவாங்கில் உட்கார்ந்து, கார்பன் தாள் வைத்து, ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதினேன். சார்ஜன்ட் வாசித்துப் பார்த்து “நல்லாயிருக்கு ரீச்சர்” என்றார். பிரதியைக் கோப்பில் போட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது கால் சைக்கிள் மிதிக்கிறதா, சைக்கிள் தானாக ஓடுகிறதா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவர் உலையில் போட இருந்த அரிசியைச் சுளகோடு நிலத்தில் வைத்துவிட்டார்.

“எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் பொலிஸ், கோடு கச்சேரியெண்டு ஏறி இறங்கினதில்லை. நீ ஒவ்வொரு நாளும் போகப்போறியோ? ஊர் என்ன கதைக்கும்?”

“படம் கீறப் போறன் அம்மா. திருடப் போகேல்லை.”

“திருடினவனும் ஒருக்காத்தான் பிள்ளை போவான். நீ பள்ளிக்கூட விடுதலை முழுக்கப் போறாய்.”

ஆனால் போனேன். மார்கழி விடுதலை தொடங்கிய அன்று காலையிலேயே போனேன்.

வர்ணம் எல்லாம் திருத்த வேலையில் மிஞ்சியவை. கதவுக்குப் பூசிய கபிலம், யன்னலுக்குப் பூசிய பச்சை, பெயர்ப்பலகையின் நீலம், அடிச்சுவரின் கறுப்பு. சிவப்பு இல்லாமல் தவித்தேன். சார்ஜன்ட் மயிலிட்டிக்குப் போய், வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய சிவப்பில் அரைத் தகரம் வாங்கி வந்தார். சேலையோடு ஏணியில் ஏற முடியாது என்றதும் உள்ளே இருந்து இரண்டு மேசைகளைத் தூக்குவித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். புகார் எழுதும் மேசையில் ஏறி நின்று நான் வானம் பூசினேன். தோள் மூட்டிலிருந்து ஒரு கோட்டை இழுத்து, அது என் உயரத்தைத் தாண்டி ஓடுவதைப் பார்ப்பது என்னவென்று கரும்பலகையில் மட்டும் கீறியவர்களுக்குத் தெரியாது.

வள்ளங்கள் கரைக்கு வரும் காலை நேரத்தைத்தான் கீறினேன். வாடைக்காலம் அது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் வள்ளங்கள் கரையில் கிடந்தன, வள்ளக்காரருக்கு வேலை இல்லை. படம் கீறும் செய்தி போனதும் முதல் நாள் இருவர் கேற்றடியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பத்துப் பேர் விறாந்தைப் படியில் குந்தியிருந்தார்கள். அதில் ஒரு வாய்க்காரர் இருந்தார், முப்பது வயது இருக்கும். நான் நாலு பாயையும் பூசி முடித்து, வள்ளங்களின் உச்சியில் கொடியும் பறக்கவிட்டு, பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

“ரீச்சர், உங்கடை கடலிலை எத்தினை காத்து அடிக்குது?” என்றார் அவர்.

“ஏன்?”

“பாய்க்கு வாடை அடிக்குது. கொடிக்குச் சோளகம் அடிக்குது.”

பார்த்தேன். உண்மைதான். பாய் கரைப் பக்கம் புடைத்திருந்தது, கொடி கடல் பக்கம் பறந்துகொண்டிருந்தது. நான் கப்பலோடிய குடும்பத்தில் பிறந்தவள், அது இன்னும் அவமானம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “உங்களுக்கென்ன, கீறிப் பாத்தால்தான் தெரியும்” என்று சீறினேன். அன்று பின்னேரமே நாலு கொடியையும் அழித்துத் திருப்பிவிட்டேன். அடுத்த நாள் அவர் வந்து பார்த்துவிட்டு, “இப்ப கரைக்கு வந்து சேருவினம்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கயிற்றையும் கீறுமுன் படியைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். அங்கே தலை ஆடினால் கீறினேன். தலை ஆடாவிட்டால் கேட்டேன்.

சார்ஜன்டுக்கு வேறு குறை. “முழுக்க மீனாய்க் கிடக்குது. கறிக்கு என்ன போடுறது?” என்று இரண்டு நாள் அனுங்கினார். தோட்டக்காரனின் மனம் நோகக் கூடாதே என்று வலப்பக்க மூலையில், மணலில், கத்தரிக்காயும் முருங்கைக்காயும் நிறைந்த ஓலைக் கடகம் ஒன்றை வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் தனியாக வந்து, ஒரு துண்டுக் கடதாசியில் தானே கீறியதைக் காட்டினார். ஒடுங்கிய தோணி, ஒரு பக்கத்தில் மிதப்புக் கட்டை. “எங்க ஊர்லே இப்படித்தான். எங்கேயாவது ஓரத்திலே இடம் இருந்தா.” அதையும் தூரத்தில் சிறிதாக வைத்தேன்.

வாய்க்காரரின் கண் அதில் போய் விழாமல் இருக்குமா. “உது ஆற்றை தோணி? வழி தவறி வந்திட்டுதோ?” என்றார்.

“என் தோணி” என்று உள்ளே மேசையிலிருந்து குரல் வந்தது.

படியில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். பிறகு முதலில் சிரித்தது இன்ஸ்பெக்டர்தான். பொலிஸ் ஸ்ரேசனுக்குள் இருந்து அப்படி ஒரு சிரிப்பு வெளியே வந்ததை எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டிருக்காது.

அவர் சொன்னது பலித்தது. படம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் மூன்று நாள் தொடர்ந்து வந்து, ஒரே வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலாம் நாள் என்னைத் தாண்டி உள்ளே போய், கதிரையில் இருந்து, வெகு நேரம் கதைத்துவிட்டு வந்தார். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை. அன்று அவர் நின்று பார்த்த வள்ளத்துக்கு இன்னொரு பூச்சு சிவப்புக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு முதல் நாள் வேலை முடிந்தது. அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை திறப்பு விழா, கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். பொங்கல் முழுவதும் நான் தலை கால் தெரியாமல் திரிந்தேன். பால் பொங்கி வழிந்ததைக்கூட அம்மாதான் கண்டார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஸ்ரேசனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். சிங்களத்தில் இருந்தது. அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“டீச்சர், நீங்க அந்த விண்ணப்பத்திலே என்ன எழுதினீங்க?”

சார்ஜன்ட் கோப்பைத் திறந்து என் பிரதியை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு உரத்து வாசித்தார்.

“‘ஐயா, தங்கள் நிலையத்தின் முன் சுவரைக் கீறித் தர மிகவும் ஆவலாக உள்ளேன். மேலிருந்து கீழ்வரை ஓர் இடமும் விடாமல் கீறுவேன். இந்தத் தொழிலில் எனக்கு ஆறு வருடப் பழக்கம் உண்டு. ஆட்களின் முகங்களை மிக நன்றாகக் கீறுவேன். பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் கீறப் பழக்கியுள்ளேன். அனுமதி கிடைத்தால் பொலிஸ் உத்தியோகத்தர்களின் முகங்களையும் கீற விருப்பம்.’ சரியாத்தானே இருக்கு?”

“எனக்குச் சரி” என்றார் இன்ஸ்பெக்டர். “நான் முதல் நாள் பயந்திட்டு, பிறகு கத்துக்கிட்டேன். கொழும்பிலே மொழிபெயர்த்தவர் கத்துக்கலை.”

மொழிபெயர்த்தவர் தமிழர்தான், ஆனால் வேறு பக்கத்துத் தமிழர். அவர் ஊரில் கீறுவது கத்தியாலும் நகத்தாலும் மட்டும். சொல்லுக்குச் சொல் நேர்மையாகச் சிங்களத்தில் போட்டிருக்கிறார். அங்கே இருந்த அதிகாரிக்கு என்ன விளங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பொலிஸ் ஸ்ரேசன் சுவரைப் பிறாண்டுவேன், மனிதர் முகத்தைக் கிழிப்பேன், சிறுபிள்ளைகளையும் பழக்கியிருக்கிறேன், பொலிசார் முகம் மட்டும்தான் மிச்சம் என்று ஒருத்தி கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். பதில் அதற்கு ஏற்றபடி வந்திருந்தது. அனுமதி இல்லை. ஏற்கனவே சேதப்படுத்தியிருந்தால் திறப்பு விழாவுக்கு முதல் நாள் பின்னேரத்துக்குள் அந்தச் சுவரை முழுவதும் பூசி வெள்ளை அடிக்க வேண்டும். ஆசிரியை மீது எடுத்த நடவடிக்கையையும் அறிவிக்க வேண்டும்.

சார்ஜன்டின் தொந்தி குலுங்கத் தொடங்கியது. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. வெள்ளை அடிக்க வேண்டும் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. கணக்கு ரீச்சர் ஈரத் துணியோடு கொழும்பிலிருந்தே வந்துவிட்டார் என்று தோன்றியது. கரும்பலகை என்றால் மறுநாள் திரும்பக் கீறலாம். இந்தச் சுவர் எனக்கு இனிக் கிடைக்காது. விறாந்தையில் நின்று, பத்துப் பேர் பார்க்க, வெட்கத்தை விட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. “நான் பூனையோ சுவரைப் பிறாண்ட? சொல்லுங்கோ, நான் பூனையோ?” என்று இன்ஸ்பெக்டரையே கேட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போனேன். இன்ஸ்பெக்டர் கொழும்புக்கு டிரங்க் கோல் எடுத்தார். லைன் கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் சிங்களத்தில் விளக்கினார், ஆங்கிலத்தில் விளக்கினார். அங்கே நம்பவில்லை. எழுதியவள் எழுதியிருக்கிறாளே என்றார்களாம். கடைசியில் அந்த மொழிபெயர்ப்பாளரையே கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“என்னங்க டீச்சர், செவுத்தக் கீறப் போறேன்னு எழுதியிருக்கீங்களே” என்றது ஒரு சாதுவான குரல்.

“ஓம், கீறியாச்சுது.”

“கீறியாச்சா?”

“கீறுறதெண்டால் கத்தியாலை இல்லை. படம். படம் போடுறது.”

“படம் போடுறதா? பொலிஸ் ஸ்டேஷன்ல சினிமாவா?”

“சினிமா இல்லை. தூரிகை. வர்ணம். கடல், வள்ளம், முருங்கைக்காய்.”

“முருங்கைக்காயா?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆறு வருடமாகப் பாடப்புத்தகத்தில் பூட்டி வைத்திருந்த சொல்லை வெளியே எடுத்தேன். “வரைதல். சித்திரம் வரைதல்.”

“அட” என்றார் அவர். “அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“முதலே சொன்னனான்தானே. கீறுறன் எண்டு.”

அவர் சிரித்த சிரிப்பில் லைன் அறுந்துவிட்டது. மறுபடி எடுத்தபோது மேலதிகாரி பேசினார். விளங்கிவிட்டது, ஆனால் எழுத்தில் போன கட்டளையை எழுத்தில்தான் மாற்றலாம், தந்தி அடிக்கிறோம் என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் நேர்மையான மனிதர். “நாலு மணி வரைக்கும் பார்ப்போம் டீச்சர். அதுக்கப்புறம் எனக்கு வழி இல்லை” என்றார். மேசன் வந்து வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டு, ஒரு பக்கமாகக் குந்தினார். மணிக்கூடு சுவரின் மறுபக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குப் பிறகு வள்ளக்காரர் ஒவ்வொருவராக வந்தார்கள். வழக்கமாகப் படியில் குந்துபவர்கள் அன்று விறாந்தையில் ஏறி, சுவருக்கு ஒரு முழம் தள்ளி, வரிசையாக உட்கார்ந்தார்கள்.

நாலு அடித்தது. மேசன் எழும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வள்ளக்காரரைப் பார்த்தார்.

“வெள்ளை அடிக்கிறதெண்டால் அடியுங்கோ ஐயா” என்றார் வாய்க்காரர், திரும்பாமலே. “நாங்கள் இன்னும் பாத்து முடியேல்லை.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே போய் ஒரு கதிரையை இழுத்து வந்து அவர்களுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். “பார்த்து முடியட்டும்” என்று மேசனிடம் சொன்னார். “பொது மக்கள்.”

அவர்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்தார்கள். இது ஆருடைய வள்ளம், அந்தப் பாயில் போட்ட ஒட்டு எந்த வருடம் போட்டது, இந்த வலையில் எத்தனை கண் என்று கதைத்தார்கள். இன்ஸ்பெக்டரின் தோணி எந்தக் காற்றுக்கு எப்படித் திரும்பும் என்று அவரையே கேட்டார்கள், அவரும் கையைக் காட்டி விளக்கினார். சுண்ணாம்பு வாளியில் ஆடை கட்டத் தொடங்கியது. ஐந்தே கால் மணிக்குத் தபால் கந்தோரிலிருந்து தந்தி வந்தது.

ஆங்கிலத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு, எழும்பி நின்று தமிழில் சொன்னார். கடிதத்தில் சிங்களத்தில் என்ன சொல் இருந்ததோ அதையே தந்தியில் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். சொல்லை மாற்றினால் இன்னொரு கோப்புத் திறக்க வேண்டி வரும் என்று யோசித்தார்களோ என்னவோ. “‘சுவரைப் பிறாண்ட அனுமதி வழங்கப்படுகிறது. தொடரவும்.’”

அந்த விறாந்தையில் எழும்பிய சத்தத்துக்கு மேசன் வாளியைத் தட்டிவிட்டார். சுண்ணாம்பு படியால் இறங்கிக் கேற்றடிக்கு ஓடியது. நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. சார்ஜன்ட் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“ரீச்சர், அனுமதி வந்திருக்கிறது பிறாண்டத்தான். மேலிடத்துக் கட்டளை. நிறைவேத்தத்தான் வேணும்.” கைதிகளை அடைக்கும் மறியல் அறையின் பூட்டைத் திறக்கும் பெரிய இரும்புத் திறப்பை என் கையில் தந்தார்.

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் றோட்டில் ஏதோ பார்க்க இருப்பதுபோல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். வலப்பக்க மூலையில், கத்தரிக்காய்க் கடகத்துக்குக் கீழே குந்தியிருந்து, மறியல் திறப்பால் என் பெயரைக் கீறினேன். கொழும்பு சொன்ன கீறல். வர்ணம் போய், வெள்ளை போய், சாந்து உதிர்ந்து மண்ணிறம் தெரியும்வரை ஒவ்வொரு எழுத்தையும் ஆழமாக இழுத்தேன். திறப்பின் பல் கொஞ்சம் மழுங்கியது. அரசாங்கச் சொத்துக்கு நான் செய்த சேதம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார், நாடா வெட்டினார், படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். அம்மாவும் வந்தார். பொலிஸ் வாசலை மிதிக்க மாட்டேன் என்றவர், கூறைச் சேலையைத் தவிர இருந்ததில் நல்லதை உடுத்து வந்திருந்தார். சனம் விலகியபின் கிட்டப் போனார். படத்தில் மீன் கடகத்தோடு நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அங்கே நின்றது அவரேதான், வேறு முகம் எனக்குப் பாடமில்லை.

“ஏன் பிள்ளை” என்றார் மெல்ல. “நான் ஒருநாளும் ஏறாத இடத்திலை என்னை நிரந்தரமாய் விட்டிட்டியே.”

கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வருடம் முழுவதும் வந்த உறவினர் எல்லோரையும் அவர் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

எழுபதுகளின் கடைசியில் ஒருமுறை என் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. முறைப்பாடு எழுதப் போக வேண்டியிருந்தது. நான் அப்போது வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறி, கல்யாணமாகி, கொழும்புத்துறைப் பக்கம் இருந்தேன். அம்மா இல்லை. அந்தப் பக்கம் போன கடைசி பஸ் பயணத்தில்தான் அட்டை விழுந்தது, அதனால் பழைய ஸ்ரேசனுக்கே போகலாம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் போனேன்.

விறாந்தையில் ஏறினேன். சுவர் முழுவதும் மஞ்சள் கலந்த வெள்ளை. மேலிருந்து கீழ்வரை, ஓர் இடமும் விடாமல். இடையில் யாரோ, எப்போதோ, இன்னொரு திருத்த வேலையின்போது பூசியிருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள், பழைய சுவருக்குப் புதுப் பூச்சு, அவ்வளவுதான். வள்ளம் இல்லை, இன்ஸ்பெக்டரின் தோணி இல்லை, அம்மா இல்லை. அந்த வாளி கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். வள்ளக்காரர் பார்த்து முடித்துவிட்டார்களாக்கும்.

திரும்பும்போது பின்னேர வெயில் சரிந்து சுவரில் விழுந்தது. வலப்பக்க மூலையில், கீழே, நிழல் மாதிரி ஏதோ கோடு தெரிந்தது. கிட்டப் போய்க் குந்தினேன். இரண்டு பூச்சுக்கு அடியில் இருந்தும் என் பெயர் இருந்தது. வர்ணம் பள்ளத்தை நிரப்பப் போதவில்லை. ஒவ்வொரு எழுத்தும் அந்த வியாழக்கிழமை எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழம். விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து தடவிக்கொண்டு போனேன். எனக்கு வந்த புளுகத்தில் வெட்கமில்லாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

உள்ளே இருந்து இளம் கான்ஸ்டபிள் ஒருவன் எட்டிப் பார்த்தான், எங்கள் பக்கத்துப் பெடியன்தான்.

“அக்கா, சுவரைக் கீறாதேங்கோ” என்றான்.

“பயப்பிடாதையும் தம்பி. அனுமதி எடுத்துத்தான் கீறினனான்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னான். முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனையை உதறி, என் பெயரைக் கேட்டான். நான் சுவரைக் காட்டினேன்.